நடுக்கடலில் திருடனுக்கு ஓர் அர்ச்சனை

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே சில புரட்டாசிகளைக் கழித்துவிட்டேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் உரக்கடையில் கையெழுத்துப் போடவும், கல்யாணப் பத்திரிகை மேல் பேர் எழுதவும்தான். இப்போதுகூட கலப்பையை அழுத்துகிற மாதிரி அழுத்தி எழுதுகிறேன், தாள் கிழிகிறது.

தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் உறவுக்காரர்களுக்குள் இந்தச் சம்பவம் வேறு மாதிரி நடமாடுகிறது. அதன்படி, நடுக்கடலில் கருடாழ்வார் நேரில் வந்து எனக்குக் காட்சி கொடுத்தார். கேட்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். சிலர் என் காலைத் தொடக் குனிந்ததும் உண்டு. அப்படிப்பட்டவர்களிடம் போய், "அது கருடன் இல்லைங்க, வேற பறவை" என்று சொன்னால் சாமி காரியத்தில் குறுக்கே விழுந்ததாக ஆகிவிடுமோ என்று பயம். கடைசியில் ஒரு சனிக்கிழமை பெருமாள் முன்னால் நின்று அவரிடமே கேட்டேன். அவர் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு நின்றார். சரி, எழுதச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்களுக்கு வரிச்சிக்குடியில் கொஞ்சம் நிலம். நெல், அது முடிந்தால் உளுந்து. என் வீட்டுக்காரிக்கு வயிற்றில் வலி வர ஆரம்பித்தது அந்த வருடம் ஆடியில்தான். முதலில் வாயுத் தொல்லை என்று ஓமம், சுக்கு எல்லாம் போட்டுப் பார்த்தாள். சாப்பிட்டு எழுந்ததும் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே மடங்கி நிற்பாள். நாற்றுக்கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் ஓடுகிறவள், ஒரு குடம் தண்ணீரைத் தூக்க யோசிக்க ஆரம்பித்தாள். காரைக்காலில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பித்தப்பையில் கல்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. "பயப்படாதீங்கம்மா. சின்னச் சின்னதா தொளை போட்டு, பையோட எடுத்துடலாம். அந்தப் பை இல்லாமலே எத்தனையோ பேர் நல்லா இருக்காங்க. ஆனா தள்ளிப் போடாதீங்க. சீழ் பிடிச்சுட்டா ஆபத்து" என்றார்.

இவள் அங்கே தலையை ஆட்டினாள். வெளியே வந்து டி.வி.எஸ்ஸில் உட்கார்ந்ததும் என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "நான் பண்ணிக்க மாட்டேன்."

"ஏன்?"

"பெருமாள் ஒரு பையை உள்ள வச்சு அனுப்பியிருக்காருன்னா காரணமில்லாமலா வச்சாரு? உள்ள இருக்கறதை எடுத்துட்டா நான் பழையபடி எந்திரிச்சு நடமாடுவேனா? எடுத்துப்புட்டு, பாயில போட்டு எனக்குக் கஞ்சி ஊத்துவீங்களா?"

"ஊத்துவேன்."

"உங்க கஞ்சியைக் குடிச்சா அதுக்கே தனியா ஆபரேஷன் பண்ணணும்."

பேச்சு விளையாட்டாக இருந்தாலும் அவள் கை என் சட்டையைப் பின்னால் பிடித்திருந்த பிடி விளையாட்டாக இல்லை. மகன், மருமகள், நான், எல்லாரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். ஆவணியும் பாதி போயிற்று. வலி அடிக்கடி வந்தது. அவள் சோற்றைக் குறைத்தாள், எண்ணெயை நிறுத்தினாள், ஆஸ்பத்திரிக்கு மட்டும் சரி என்று சொல்லவில்லை. கடைசியில் நான் கோபித்துக்கொண்டு ஒருநாள் சாப்பிடாமல் எழுந்தபோதுதான் இறங்கி வந்தாள்.

"சரி. எனக்குப் பெருமாள்கிட்டேருந்து ஒரு வார்த்தை வரணும். கருட தரிசனம் கிடைச்சா நான் போய்ப் படுத்துக்கறேன்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ஏனென்றால் எங்கள் பக்கத்தில் கருடனுக்கா பஞ்சம்? கருக்களாச்சேரிக் கடற்கரையில் படகு வந்து மீன் இறங்குகிற நேரத்தில் போய் நின்றால் வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடம்புமாகக் கூட்டமாக வட்டமடிக்கும். மறுநாளே அவளை வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். தலைக்கு மேலேயே பறந்தன. ஒன்று எங்கள் கண்ணெதிரில் மீன் குடலைக் காலில் தூக்கிக்கொண்டு போயிற்று.

"பாத்தியா? ஒண்ணு கேட்டே, எத்தனை கொடுத்திருக்காரு பாரு!"

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இது தரிசனமா? இதுங்க மீன் குடலுக்கு வந்திருக்கு. நான் கேட்டது பெருமாள் அனுப்பி வர்ற கருடன். டியூட்டியில இருக்கிற கருடனா பாருங்க."

இரண்டு நாள் கழித்து எங்கள் வயலுக்கு மேலேயே ஒன்று வந்தது. ஓடிப்போய் அவளைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்க்கும்போது அது மின்கம்பத்தில் உட்கார்ந்து ஒரு வயல் நண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"ஏன், கருடன் சாப்பிடக் கூடாதா?" என்றேன்.

"தாராளமா சாப்பிடட்டும். எனக்கு நல்ல வாக்குச் சொல்ல வர்றப்ப கையைக் கழுவிட்டு வரட்டும்."

இந்த நிலையில்தான் புரட்டாசி பிறந்தது. புரட்டாசி முழுக்க எங்கள் தெருவில் யாரும் மீன் வாங்க மாட்டோம். ஆனாலும் கருக்களாச்சேரியிலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவரும் அம்மா பழக்க தோஷத்தில் வந்துவிடுவார். கிறிஸ்தவர் வீடு, துலுக்கர் வீடு என்று நெரவிப் பக்கம் விற்றுவிட்டு, வெறும் கூடையோடு எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். அன்றைக்கும் வந்து கூடையைக் கவிழ்த்தார்.

"அக்கா, உங்க பெருமாள் பண்ற வேலையைப் பாத்தீங்களா? புரட்டாசி பொறந்தா எங்க பொழப்பு படுத்துக்குது."

என் வீட்டுக்காரி விடுவாளா? "எங்க பெருமாளா? மாசி மகத்துக்கு அவரு கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வந்தா, 'மாப்பிள்ளே, மாப்பிள்ளே'ன்னு தோள்ல தூக்கிக்கிட்டு ஆடுறது யாரு? நாங்களா, நீங்களா?"

"மாப்பிள்ளைதான், யாரு இல்லேன்னா? மாமியா வீட்டு வியாபாரத்துல மண்ணைப் போடுற மாப்பிள்ளையை நான் எங்கயும் பாத்ததில்லக்கா!"

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பெருமாள் தங்கள் குலத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டவர் என்பது எங்கள் கடற்கரை ஊர்க்காரர்கள் நம்பிக்கை. நமக்கெல்லாம் அவர் சாமி. அவர்களுக்கு வீட்டு மாப்பிள்ளை. அதனால் அவர்கள் அவரை உரிமையோடு திட்டுவார்கள், உரிமையோடு தூக்கவும் தூக்குவார்கள்.

கருடன் கதையைக் கேட்டதும் அந்த அம்மா, "இவ்வளவுதானா? அண்ணனை எங்க வீட்டுக்காரரோட கடலுக்கு அனுப்பி வைங்க. அங்க குடலும் கிடையாது, நண்டும் கிடையாது. அவ்வளவு தூரத்துக்கு ஒரு கருடன் வந்துச்சுன்னா, அது பெருமாள் சொல்லித்தான் வந்திருக்கணும்" என்றார்.

என் வீட்டுக்காரியின் முகம் மலர்ந்ததைப் பார்த்து நான் நழுவப் பார்த்தேன். நான் நஞ்சைக்காரன். எனக்குத் தெரிந்த தண்ணீர் முழங்கால் வரைக்கும்தான்.

"நான் பாத்தா உனக்கு எப்படி ஆகும்? தரிசனம் உனக்குத்தானே வேணும்?"

"கோயில்ல என் பேர் நட்சத்திரம் சொல்லி நீங்க அர்ச்சனை பண்ணிட்டு வர்றீங்களே, அது எனக்கு ஆகுதுல்ல? அதே மாதிரிதான். கருடன் வந்ததும் சத்தமா என் ராசி, நட்சத்திரம், பேர் எல்லாம் சொல்லிடுங்க. முணுமுணுக்காதீங்க. கடல் இரைச்சல்ல அதுக்குக் கேக்கணும்."

இப்படியாக, அந்தச் சனிக்கிழமை விடியும் நேரத்தில் நெற்றியில் நாமம், மடியில் துளசி, கையில் புளியோதரைத் தூக்கு, வாயில் எலுமிச்சம்பழத் தோல் என்று கருக்களாச்சேரி மணலில் போய் நின்றேன்.

மீன்கார அம்மாவின் வீட்டுக்காரர் என்னைவிடச் சின்னவர், என்னை அண்ணே என்பார், நான் தம்பி என்பேன். கூட அவருடைய மச்சான் ஒருவர். ஃபைபர் படகு. இரண்டு பேரும் என்னைத் தூக்காத குறையாக ஏற்றி, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தம்பி குனிந்து கடல் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் ஒற்றிக்கொண்டேன். கண் எரிந்தது.

"இன்னிக்குப் புரட்டாசிச் சனிக்கிழமைண்ணே. கருடனுக்கு எல்லாக் கோயில்லயும் வேலை இருக்கும். வர லேட்டானாலும் ஆகும்" என்றார் மச்சான்.

அலை உடைகிற இடத்தைத் தாண்டும்போது படகு எழும்பிய எழும்பலில், எனக்குத் தெரிந்த பாசுரமெல்லாம் ஒன்றோடொன்று கலந்து வாயில் வந்தது. தாண்டிய பிறகு புளியோதரையும் வந்தது. முதல் நாள் ருசி பார்த்த புளியோதரை. தம்பி என் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே, "பரவாயில்லண்ணே, மீனுக்கும் இன்னிக்குத் தளிகை" என்றார்.

கரை ஒரு கோடாகி, அந்தக் கோடும் போயிற்று. காக்கையெல்லாம் எப்போது விட்டுப் போயிற்றோ தெரியவில்லை. கரையில் சுற்றின கருடன்கள் கொஞ்ச தூரம் வந்து, எங்கள் படகில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் திரும்பிவிட்டன. என் வீட்டுக்காரி சொன்னது எவ்வளவு சரி என்று நினைத்துக்கொண்டேன். வலையை விட்டுவிட்டு எஞ்சினை நிறுத்தினார்கள். இனி வலை தானாக வேலை செய்யும், நாங்கள் காத்திருக்க வேண்டியதுதான். நான் கழுத்தை வளைத்து ஆகாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, என்ன கோபுரமா பாக்கிறீங்க? கடல்ல பறவை பாக்கணும்னா தண்ணியை ஒட்டிப் பாருங்க" என்றார் தம்பி.

தலையை இறக்கினேன். அப்போதுதான் ஒரு சாம்பல் நிறக் கோடு அலைக்கு மேலே, அலை எழும்பினால் எழும்பி, தாழ்ந்தால் தாழ்ந்து வருவதைப் பார்த்தேன். கிட்டே வந்ததும் அது உள்ளான் கூட்டம். ஒரே நேரத்தில் எல்லாம் திரும்பின, கோடு வெள்ளையாயிற்று. மறுபடி திரும்பின, சாம்பலாயிற்று. யாரோ பெரிய துணியை உதறிக் காயப் போடுகிற மாதிரி. ஒரு சத்தம் இல்லை. எங்களைப் பார்க்கவும் இல்லை. தெற்கே போய் மறைந்துவிட்டன.

"எங்கேருந்து வருது தம்பி?"

"வடக்கேருந்துங்க. பனி கொட்டுற தேசத்துலேருந்து வர்றதாச் சொல்றாங்க. கோடியக்கரைப் பக்கம் இறங்கும். வருஷா வருஷம் இந்த மாசம் வந்துடும். பஸ்ஸு டிக்கெட்டு ஒண்ணும் கிடையாது."

நான் உள்ளானை அறுவடையான வயலில் பார்த்திருக்கிறேன். சேற்றைக் குத்திக்கொண்டு கிடக்கும். அதற்கு இப்படி ஒரு வாழ்க்கை இருப்பது எனக்குத் தெரியாது.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் அடுத்தது. என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டி மேல் "சிட்" என்று ஒரு சத்தம். பார்த்தால் ஒரு வாலாட்டிக் குருவி. மஞ்சள் வயிறு. வாலை ஆட்டக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தது. ஐப்பசியில் நடவு முடிந்த வயலில் வரப்பு வரப்பாக ஓடும் அதே குருவி. நான் அதை வரிச்சிக்குடிக் குருவி என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பக்கத்துத் தெரு ஆளைத் திருப்பதி வரிசையில் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

"நீ எங்க இங்க?" என்றேன் அதனிடம்.

"அதுவும் உங்களைத்தான் அப்படிக் கேக்குது" என்றார் மச்சான்.

புளியோதரையில் நாலு பருக்கையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். அது தொடவில்லை. ஐஸ் பெட்டியின் மூடியிலிருந்த ஈரத்தைக் கொத்திக் கொத்திக் குடித்தது. பிறகு என்னை ஒரு தரம் ஒரு கண்ணால் பார்த்துவிட்டுக் கரை இருக்கிற திசைக்குச் சரியாகக் கிளம்பியது. நான் அந்தத் திசை எது என்று மறந்தே போயிருந்தேன்.

வெயில் ஏறியதும் ஆலாக்கள் வந்தன. வெள்ளைப் பறவை, வால் இரண்டாகப் பிளந்திருக்கும், பாதித் தலைக்கு மை தடவின மாதிரி கறுப்பு. கொஞ்ச தூரத்தில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி தளதளத்தது. மத்திக் கூட்டம் என்றார் தம்பி. ஆலாக்கள் அதன் மேல் நின்று நிதானித்து, இறக்கையை மடக்கிப் பொத்துப் பொத்தென்று தலைகீழாக விழுந்தன. தண்ணீருக்குள் போய் அதே வேகத்தில் மேலே வந்து, மீனை விழுங்கிவிட்டு மறுபடி வரிசையில் நின்றன. தேங்காய் உடைக்கிற நாளில் கோயில் வாசலில்கூட அவ்வளவு தள்ளுமுள்ளு இருக்காது. தம்பிக்கு இவைதான் வழிகாட்டி. "ஆலா குத்துற இடத்துல எங்களுக்கும் மீன் இருக்குங்க. அதுங்களுக்குச் சம்பளம் கிடையாது, எங்களுக்கும் கிடையாது" என்றார். எனக்கு வந்த காரியம் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். மச்சான் செல்போனை எடுத்து ஆலாவையும் என் வாயையும் சேர்த்து வீடியோ பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது சூரியன் பக்கத்திலிருந்து அது வந்தது.

பெரிய பறவை. மேலெல்லாம் கருந்தவிட்டு நிறம், நெஞ்சு வெள்ளை. இறக்கையை அசைக்காமல் வந்து, எங்கள் படகைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கண் கூசுகிற வெயிலில் எனக்கு அந்த வெள்ளை நெஞ்சு ஒன்றுதான் தெரிந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. குடல் இல்லை, நண்டு இல்லை. சாட்சாத் டியூட்டியில் இருக்கிற கருடன்!

எழுந்து நின்றுவிட்டேன். படகு ஆடியது. தம்பி என் வேட்டியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். நான் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, துளசியை எடுத்து வீசி, முணுமுணுக்காமல், கடல் இரைச்சலையும் மீறிக் கத்தினேன்:

"கன்னி ராசி! அஸ்த நட்சத்திரம்!" பிறகு அவள் பேர். எதற்கும் இருக்கட்டும் என்று, "வரிச்சிக்குடி!" என்று ஊரையும் சேர்த்துக்கொண்டேன்.

கையைக் குவித்து நிற்கிறேன், கண்ணில் தண்ணீர். பின்னாலிருந்து தம்பி மெதுவாகச் சொன்னார்: "அண்ணே. நிறுத்துங்க. அது மாப்பிள்ளை வண்டி இல்லைங்க."

"என்னது?"

"எங்க மாப்பிள்ளை வண்டி எனக்குத் தெரியாதா? அது சிவப்பா இருக்கும். இது கறுப்பு. பேரெல்லாம் தெரியாது, நாங்க திருடன்னு சொல்லுவோம். இப்பப் பாருங்க என்ன பண்ணுதுன்னு."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. கருடன் என்று நான் கும்பிட்ட ஆசாமி, மீனை விழுங்கிவிட்டு மேலே வந்துகொண்டிருந்த ஒரு ஆலாவைத் துரத்த ஆரம்பித்தான். ஆலா வளைந்தால் வளைந்தான், தாழ்ந்தால் தாழ்ந்தான். வாலைக் கவ்வி இழுத்தான். ஆலா கிறீச் கிறீச் என்று அலறியது. கடைசியில் அது தாங்க முடியாமல் விழுங்கின மீனைக் கக்கியது. வெள்ளையாக ஏதோ விழுந்தது. அது தண்ணீரைத் தொடுவதற்குள் இவன் அடியில் புகுந்து வாயில் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

மச்சான்தான் முதலில், "அண்ணே, காலையில உங்களையும் இவன்தான் துரத்தினானா?" என்றார். தம்பி சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன், உட்கார்ந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டில் ஒருத்தி விலாவைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு நான் என்ன சொல்வேன்?

வலையை இழுத்துக் கரைக்குத் திரும்புகிற வரைக்கும் தண்ணீரை ஒட்டியும் பார்த்தேன், ஆகாயத்தையும் பார்த்தேன். கருடன் வரவில்லை. கரை தெரிகிற நேரத்தில் தம்பி எஞ்சின் சத்தத்துக்கு மேலே என் காதில் சொன்னார்.

"அண்ணே, அக்காகிட்ட கருடன்னே சொல்லிடுங்களேன். வெள்ளை நெஞ்சுதானே. உசிரு சம்பந்தப்பட்டது. யாராச்சும் கேட்டா நான் ஆமான்னுடறேன். மாப்பிள்ளைகிட்ட நான் பேசிக்கறேன்."

அவர் நல்ல மனதோடு சொன்னார். நானும் வழி முழுக்க அதையே யோசித்தேன். வண்டியில் வரும்போது, "கருடன் வந்தாரு" என்று இரண்டு மூன்று விதமாகச் சொல்லிக்கூடப் பார்த்தேன். வாயில் நிற்கவில்லை. அவள் நம்பிக் கேட்டது பெருமாளுடைய வார்த்தையை. அதில் என் சொந்தச் சரக்கைக் கலந்து கொடுத்து, அவளைக் கத்திக்குக் கீழே படுக்க வைத்து, வெளியே நான் எந்த முகத்தோடு நாமம் சொல்வது? அதோடு, அவளிடம் பொய் சொல்லி நான் ஜெயித்ததாக எங்கள் வீட்டு வரலாற்றில் இல்லை.

வாசலிலேயே நின்றிருந்தாள். "வந்துச்சா?"

"ஒண்ணு வந்துச்சு. அது கருடன் இல்ல."

"பின்ன?"

"திருடன்."

முழுசாகச் சொன்னேன். எழுந்து நின்றது, துளசி வீசியது, ராசி நட்சத்திரம் கத்தியது, எதையும் விடவில்லை. ஊர்ப் பேரைச் சேர்த்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டாள். "விலாசம் வேற குடுத்தீங்களா திருடனுக்கு! கதவைப் பூட்டிட்டுப் படுங்க!" என்று சிரித்தாள். சிரித்ததில் வலி வந்து விலாவைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஆலா என்ன ஆச்சு?"

"எந்த ஆலா?"

"அதாங்க, வயித்துல இருந்ததைப் பிடுங்கிட்டுப் போனானே, அந்த ஆலா."

உண்மையில் நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஆனால் பார்த்திருந்தேன், ஞாபகம் இருந்தது. "ஒரு நிமிஷம் தடுமாறிக் கீழ வந்துச்சு. இறக்கையை உதறிக்கிச்சு. அப்புறம் போயிடுச்சு."

"எங்க போச்சு? செத்துப் போச்சா?"

"சேச்சே. நேரா மத்திக் கூட்டத்துக்குத்தான் போச்சு. மறுபடி தலைகீழா விழுந்து இன்னொரு மீனை எடுத்துச்சு. வரிசையில போய் நின்னுக்கிச்சு."

"நல்லாப் பாத்தீங்களா? அதே ஆலாதானா?"

"அதேதான். வால்ல ஒரு பக்கம் இறகு போயிருந்துச்சு, அடையாளம் தெரிஞ்சுது."

அவள் உள்ளே போனாள். விளக்கேற்றினாள். நான் கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். எனக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"டாக்டரம்மாகிட்ட நாள் கேளுங்க."

எனக்குப் புரியவில்லை. "கருடன்தான் வரலியே?"

"அவருக்கு இன்னிக்கு ஊர்ப்பட்ட கோயில்ல வேலை. கையில கிடைச்ச ஆளை அனுப்பியிருக்காரு. நான் கேட்டது என்ன? உள்ள இருக்கறதை எடுத்துட்டா எந்திரிச்சுப் பழையபடி வேலை பாக்க முடியுமான்னுதானே? அதுக்குப் பதில் வந்துடுச்சுல்ல? கருடன் வந்திருந்தாகூட சும்மா வட்டம் போட்டுட்டுப் போயிருக்கும். இது செஞ்சே காட்டியிருக்கு."

மோரைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி பிறந்ததும் ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நான் நாமம் சொன்னேன். நடுநடுவே அந்த ஆலா ஞாபகம் வந்தது, அதையும் தடுக்கவில்லை. எடுத்த கற்களை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். மீன்கார அம்மா பார்க்க வந்தபோது இவள் அதைக் குலுக்கிக் காட்டி, "உங்க திருடன் எடுத்தது" என்றாள். தை மாதம் அறுப்புக்கு வரப்பில் நின்று என்னை அதட்டிக்கொண்டிருந்தாள். நான் அதட்டல் வாங்கிக்கொண்டு பெருமாளுக்கு நன்றி சொன்னேன்.

இவ்வளவுதான் நடந்தது. ஆனால் மச்சான் செல்போனில் எடுத்த படம் இருக்கிறதே, அது எங்கள் மகன் கைக்கு வந்து, அவன் குடும்ப வாட்ஸப்பில் போட்டுவிட்டான். அதில் நான் கத்துவது நன்றாகக் கேட்கும். கை குவித்து நிற்பது தெரியும். பறவை மட்டும் எள்ளு மாதிரி ஒரு புள்ளி. திருடன் துரத்துகிற பகுதி இல்லை. அதற்குள் மச்சானுக்குச் சிரிப்பு வந்து போனை இறக்கிவிட்டார். பாண்டிச்சேரியில் இருக்கும் என் தங்கை அதைப் பார்த்து, "நடுக்கடலில் கருட சேவை" என்று மேலே எழுதி அனுப்பினாள். பிரான்சில் இருக்கும் எங்கள் பெரியப்பா மகன் அதற்கு நாதஸ்வரம் சேர்த்தார். யாரோ புள்ளியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார்கள். இன்னொருவர் கருடன் மூன்று முறை வலம் வந்ததாக எழுதினார். கல் தானாகக் கரைந்து ஆபரேஷனே தேவைப்படவில்லை என்று சென்ற மாதம் ஒரு கல்யாணத்தில் என்னிடமே ஒருவர் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் சம்சாரத்துக்கும் கல் இருப்பதாகவும், ஆபரேஷன் வேண்டாம் என்று கருடனுக்காகக் காத்திருப்பதாகவும் சொன்னார்.

அதைக் கேட்ட பிறகுதான் இனிமேல் எழுதாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. அவர் சம்சாரத்திடம் மறுநாளே போய் உட்கார்ந்து இவளும் நானும் நடந்ததைச் சொன்னோம். அந்த அம்மா டாக்டரிடம் போனார். ஆனால் நாங்கள் போகாத வீடுகளுக்கும் அந்தப் படம் போயிருக்கும்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குப் பிடித்திருந்தால் மற்றவர்களுக்கும் அனுப்புங்கள், படித்துக் காட்டுங்கள், வாயால் சொன்னாலும் சரி. ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். நாதஸ்வரம் சேர்க்க வேண்டாம், வட்டம் போட வேண்டாம். வந்தது கருடன் இல்லை, திருடன். கல் கரையவில்லை, டாக்டரம்மாதான் எடுத்தார். நான் வாந்தி எடுத்ததையும் வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள், எழுதினவனே சொல்கிறேன், அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.